நிழலில் வளர்த்த பிள்ளைக்கு

கோயமுத்தூர்,
ஆடி 9

அன்புள்ள கண்ணு லோகுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் மருதமலையான் புண்ணியத்தில் நல்லபடியாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்று கேட்டு எழுதத்தான் ஆசை, ஆனால் மாப்பிள்ளை இந்த நிமிஷம் என் எதிரிலேயே உட்கார்ந்து ஐந்தாவது தோசையைப் பிட்டுக்கொண்டிருக்கிறார், அவர் சுகத்தைக் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஆகையால் உன் சுகத்தை மட்டும் கேட்கலாம் என்றால் அதையும் அவரே சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பேசுகிறாய், நான் என்ன குழம்பு வைத்தேன் என்பது வரைக்கும் விசாரிக்கிறாய், மூன்று மாசமாகக் கால் எலும்பெல்லாம் வலிக்கிறது, படியேற முடியவில்லை, டாக்டரிடம் போனேன் என்று ஒரு மூச்சு விட்டாயா? கெட்டிக்காரிதான் போ.

மாப்பிள்ளை மேல் கோபப்படாதே, அவராக ஒன்றும் சொல்லவில்லை. அவங்கப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து வெள்ளகோவிலிலிருந்து இங்கே வந்தாரல்லவா, முதல் டம்ளர் காபிக்கு எல்லாம் சவுக்கியமுங்க அத்தை என்றார், ரெண்டாவது டம்ளர் வைத்தேன், எல்லாம் வெளியே வந்துவிட்டது. உனக்கு வைட்டமின் டி இருக்க வேண்டியதில் பாதி கூட இல்லையாம். வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை, காலையில் அவருடைய ஸ்வெட்டரை நைட்டி மேல் மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருக்கிறாயாம், சாப்பாடு வாசலுக்கே பெட்டியில் வந்துவிடுகிறதாம். குப்பைத் தொட்டிய ரோட்டுக்குத் தள்ளி வெக்கறதுக்குத்தானுங்க அத்தை வெளிய வாரா, வாரத்துல ஒரு நாளு என்றார். வெயிலுக்குப் பேர்போன தேசத்தில் போய் உட்கார்ந்துகொண்டு வெயில் போதவில்லை என்று மாத்திரை சாப்பிடுகிற ஒரே ஆள் எம்புள்ளதான் என்று உங்கப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இல்லீங்க மாமா, மெல்பர்ன்ல நம்மூருப் பொண்ணுங்க நெறையப் பேருக்கு இப்படித்தானுங்க, டாக்டரே சொன்னாரு என்று மாப்பிள்ளை உனக்காக வக்காலத்து வாங்கினார்.

ரொம்பச் சிரிக்க வேண்டாம் என்று நானும் ஆர்.எஸ்.புரத்தில் போய் ரத்தம் கொடுத்தேன். ரிசல்ட்டைப் பார்த்த டாக்டரம்மா, ஏனுங்கம்மா, உங்க ஊட்டுல ஜன்னலே இல்லீங்களா என்று கேட்டுவிட்டாள். உன்னைவிடக் கொஞ்சம்தான் கூட. இப்போது எனக்கு வாரத்துக்கு ஒரு பவுடர் பாக்கெட், பாலில் கலக்கிக் குடிக்க வேண்டும், அது போக தினமும் பதினோரு மணிக்கு மொட்டைமாடியில் அரைமணி நேரம் வெயில். ஆடிக் காற்று சேலையைத் தூக்குகிறது, மேகம் வேறு வந்து வந்து மறைக்கிறது, வெயில் எட்டிப் பார்த்த உடனே உங்கப்பா கீழேயிருந்து வந்துருச்சு வந்துருச்சு ஓடு என்று சத்தம் போடுகிறார், முழங்கால் வலியோடு நான் படியேறுவதற்குள் மறுபடி மறைந்துவிடுகிறது. நேற்று நான் உட்கார்ந்திருந்த பக்கம் வந்து நின்று, ஏம்புள்ள, ஒரு பக்கம் காஞ்சு போச்சு, திருப்பிப் போடட்டுமா என்றார். அறுபத்தெட்டு வயதுக்கு இந்தப் பேச்சு. மாப்பிள்ளை மரியாதைக்காகச் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டை நீ பார்த்திருக்க வேண்டும்.

சரி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், கண்ணை உருட்டாமல் படி. ஹீட்டரை நாள் முழுக்க ஓட விடாதே, தோல் வறண்டு அரிப்பெடுக்கும், காலுக்கு நல்ல சாக்ஸ் போட்டால் பாதிக் குளிர் போய்விடும். எண்ணெய் தேய்த்துக் குளித்தால் பாத்ரூம் தரையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வெளியே வா, போன தடவை நான் வந்திருந்தபோது மாப்பிள்ளை வழுக்கிக் கதவைப் பிடித்துத் தொங்கினது மறந்திருக்காது. பெட்டியில் வருகிற சாப்பாட்டை வாரத்துக்கு ஒன்றாகக் குறை, ராகி மாவு அங்கேயே கிடைக்கிறதாம், ஒரு நாள் களி கிண்டினால் கையும் உரம் பெறும். முருங்கைக்கீரைப் பொடி இடித்து வைத்தேன், மாப்பிள்ளை ஏர்போர்ட்டில் நாய் மோப்பம் பிடிக்கும், ஃபாரத்தில் எழுதிக் காட்டவேண்டும் என்று அரைமணி நேரம் விளக்கிவிட்டுக் கடைசியில் இங்கேயே வைத்துவிட்டார், அந்த நாய்க்கு நம் மருமகன் கொடுக்கிற மரியாதையில் கால்வாசி எனக்குக் கொடுத்தால் போதும். முக்கியமாக அந்த ஜன்னல் திரையைத் திறந்து வை. இதைச் சொல்ல எனக்கு வாய் கிடையாது, வந்திருந்தபோது மூஞ்சியில் வெயிலடிக்குது கண்ணு என்று அதை இழுத்துவிட்டவளே நான்தான். குளிர்கால மாசங்களில் அங்கே மதிய வெயில் தோலைச் சுடாதாம், அப்போது வெளியே நடக்கச் சொல்லியிருக்கிறாராம் டாக்டர், மற்ற மாசங்களில் தொப்பியும் கிரீமும் இல்லாமல் போகக் கூடாதாம். டாக்டர் சொன்னபடி கேள்.

இனிமேல்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்த காரணம். போனில் சொன்னால் நீ குறுக்கே ஏதாவது கேட்பாய், நானும் தைரியம் போய்க் கத்திரிக்காய் விலைக்குத் தாவிவிடுவேன், அதனால்தான் காகிதம். பக்கத்து வீட்டுக் கிரேக்க அம்மா உன்னைச் சனிக்கிழமைக் காலைப் பூங்காவுக்குக் கூப்பிட்டாளாமே, ஊர்ச் சனமெல்லாம் சேர்ந்து நடக்கிறவர்கள் நடப்பதும் ஓடுகிறவர்கள் ஓடுவதுமாக, டாக்டரும் தாராளமாகப் போகலாம் என்றாராமே. நீ மாட்டேன் என்றுவிட்டாயாம். ஏன் என்று கேட்டதற்கு, எனக்கு ஓட்டமே வராதுங்க, ஸ்கூல்ல டீச்சரே பேரை எடுத்து விட்டுட்டாங்க, அத்தனை மெதுவு நான் என்று சிரித்தாயாம். மாப்பிள்ளை அதைத் தமாஷாகத்தான் சொன்னார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அது பொய் கண்ணு. பதினாறு வருஷமாக நீ நம்பிக்கொண்டிருக்கிற அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தவள் நான்.

நாம் பொள்ளாச்சியில் இருந்தபோது, நீ ஒன்பதாவது. மாவட்டப் போட்டிக்கு நானூறு மீட்டருக்கு உன் பேரைக் கொடுத்திருந்தார் பி.டி. டீச்சர் ரங்கம்மாள், தினம் மூன்று மணிக்கு மைதானத்தில் ஓட விட்டார். அந்தச் சமயம் ஒரு கல்யாணத்தில் உங்கப்பா வழிச் சொந்தக்காரி ஒருத்தி நாலு பேர் முன்னால் உன் கையைப் பிடித்துப் பார்த்து, என்ன சாந்தாமணி, புள்ளையக் காட்டு வேலைக்கு அனுப்பறயா, இப்படிக் கருத்துப் போச்சு, நாளைக்கு எவன் கட்டுவான் என்று கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்குப் பதில் சொல்ல எனக்குத் துப்பில்லை. அடுத்த நாள் நீ வகுப்பில் இருக்கிற நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய், பிள்ளைக்கு மூச்சிழுப்பு இருக்குங்க டீச்சர், டாக்டர் ஓடக் கூடாதுன்னுட்டாருங்க என்று வாய் கூசாமல் சொன்னேன், அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க, பயந்துக்குவா என்றும் சொன்னேன். அந்த டீச்சர் ரெண்டு தடவை கேட்டார், நிச்சயந்தானுங்களா என்று. அப்புறம், பன்னெண்டு வருஷமா இந்த மைதானத்துல நிக்கறனுங்க, இந்த வேகத்துல ஒரு புள்ளைய நான் பார்க்கலீங்க என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். உன்னிடம் அவர் என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியும், நீ ஓடற வேகம் போதலை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று. சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற என் பொய்யை அவர் சுமந்தார். நீ வந்து குப்புறப் படுத்துக்கொண்டாய், நான் உனக்குப் பிடித்த பணியாரம் சுட்டு வந்து தலையைத் தடவி, ஓட்டம் போனா போகட்டும், படிப்பு இருக்குல்ல என்று சமாதானம் பண்ணினேன். செய்ததையும் செய்துவிட்டுச் சமாதானமும் பண்ணினேன். அதற்கப்புறம் வெயிலுக்குக் குடை, ஸ்கூட்டிக்கு முகத்தைச் சுற்றித் துப்பட்டா, கைக்கு உறை என்று நான் உன்னை மூடி மூடி வளர்த்தேன், நீயும் அதுதான் சரி என்று பழகிவிட்டாய், இன்றைக்கு எங்கேயோ ஒரு டாக்டர் உன்னைப் பார்த்து வெயிலில் நில்லும்மா என்று சொல்கிறார். மாப்பிள்ளையோ உன் நிறத்தைப் பற்றி இன்று வரைக்கும் ஒரு வார்த்தை பேசினவரில்லை. நேற்று உங்கப்பாவிடம் இதை முதல் தடவையாகச் சொன்னேன். டிவியை நிறுத்திவிட்டு, அவகிட்டச் சொல்லிப்போடு, அது அவளோடது என்றார்.

அதனால் சொல்லிவிட்டேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன், நீ இளகின மனசுக்காரி, உடனே பரவால்லம்மா என்று சொல்லிவிடுவாய், அது எனக்கு வேண்டாம். ஆற அமரக் கோபப்படு. ஆனால் உனக்கு ஓட்டம் வராது என்று மட்டும் இனி எவரிடமும் சொல்லாதே, சொன்னால் அது என் பொய்யை நீயும் சேர்ந்து சொல்வதாகும்.

இந்தக் கடிதத்தை மாப்பிள்ளை கையில் ஒட்டித்தான் கொடுக்கிறேன், வழியில் பிரித்துப் பார்க்கிற ஆள் அவரில்லை, பார்த்தாலும் ரெண்டு டம்ளர் காபியில் நீயே கண்டுபிடித்துவிடலாம். மாத்திரையை மறக்காதே. கைகால் சுகத்தோடு, எலும்பு உரத்தோடு, நூறு வயசுக்கு நன்றாக இரு என்று நானும் உங்கப்பாவும் உன்னை ஆசீர்வதிக்கிறோம். சனிக்கிழமை அந்தக் கிரேக்க அம்மாவோடு கிளம்பிப் போ கண்ணு. முதல் வாரம் நட, உடம்பு ஒத்துக்கொண்டால் ஓடு. ஓடி முடித்ததும் வீட்டுக்குப் போகிற வரைக்கும் பொறுக்காமல் அங்கிருந்தே எனக்குப் போன் போடு. இங்கே இன்னும் விடிந்திருக்காது, பரவாயில்லை, முழித்திருப்பேன். திட்டுவதாக இருந்தாலும் மூச்சு வாங்கிக்கொண்டே திட்டு, நான் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
சாந்தாமணி பாலுசாமி