ஆற்றங்கரைச் சொல்லும் மலைச் சொல்லும்

நானா,

இன்று காலை உங்கள் மகள் கலகெதரையிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து தந்தாள். திறந்ததும் ஈரக் காகித வாசம். நீங்கள் மௌத்தாகி, எங்களை விட்டுப் போய், ஒரு வருடம். எனக்கு இப்போது கண்ணும் சரியில்லை, முதுகும் சரியில்லை. ஆனாலும் உங்கள் கடைசிக் கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நைஜீரியாவின் வடக்கில் நீங்கள் கணக்குப் படிப்பித்த நாட்களில் எழுதியது. பக்கத்துக் கிராமத்தில் இரண்டு விதவைகள் மட்டுமே பேசிய மொழி. மற்றவர்கள் எல்லோரும் அந்தப் பக்கத்துப் பெரிய மொழியான ஹவுசாவுக்கு மாறியிருந்தார்கள். இதுவும் ஹவுசாவைப் போல சாடிக் என்ற குடும்பத்து மொழிதான் என்பீர்கள். ஒருத்தி ஆற்றங்கரைக்காரி, மற்றவள் மலைக்காரி. ஒருத்தியின் பேச்சைக் கேட்டு மற்றவள் சிரிப்பாளாம். நீங்கள் நடுவில் உட்கார்ந்து, ஒருத்தியின் சொல் ஒரு பக்கம், மற்றவளின் சொல் மறுபக்கம் என இரண்டு பத்தியாக எழுதினீர்கள்.

நாம் ஒன்றாகப் படிப்பித்த, உங்களை அண்ணனாக எண்ணி நானா என்று நான் கூப்பிடத் தொடங்கிய பாடசாலையில், ஆசிரியர் அறைக் கணினியில் உங்கள் கொப்பிகளை ஒவ்வொன்றாக அடித்துக் கொடுத்தேன். ஒரு பின்னேரம் களைப்பில் இரண்டு பத்தியையும் ஒன்றாக்கிவிட்டேன்.

"ரெண்டும் ஒன்னுதானே நானா," என்றேன்.

நீங்கள் கோபிக்கவில்லை. "டீச்சர், ஹந்தானத் தோட்டத்துல நீங்க பேசுறதும் எங்கட ஊட்டுல பேசுறதும் ஒன்டா?"

பிறகுதான் அதுவரை சொல்லாததைச் சொன்னீர்கள். மலைக்காரி முதலில் இறந்தாள். அடுத்த கிழமை நீங்கள் போனபோது, ஆற்றங்கரைக்காரி கேட்ட ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொல் சொன்னாள். முதலில் தன்னுடையது. பிறகு, 'அவள் இப்படிச் சொல்வாள்' என்று மற்றது. கொஞ்ச நாளில் அவளும் போனாள். அதோடு அந்த மொழி முடிந்தது.

நான் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து அடித்தேன். கடைசிக் கொப்பிக்கு வருமுன் நீங்கள் படுக்கையில் விழுந்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரியில் மெதுவாகச் சொன்னீர்கள்: "தெரியாதத தெரியாதுன்டே எழுதுங்க டீச்சர். ஊகிச்சி எழுதவாணாம்."

அந்தக் கொப்பியில்தான் மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. பல பக்கங்களில் எந்தச் சொல் எவளுடையது என்ற குறிப்பே கரைந்துபோயிற்று. வெளிநாட்டில் ஓர் ஆய்வாளர் இந்தச் சொற்பட்டியலுக்காகக் காத்திருக்கிறார். என்னால் ஊகித்திருக்க முடியும், நானா. இத்தனை வருடப் பழக்கம். கை அதற்குத்தான் போனது. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் எதிரே 'தெரியாது' என்று அடித்தேன். பொழுது சாயும் நேரத்தில் அனுப்பிவைத்தேன்.

மிச்சமிருப்பது என் வாயில் ஏறிவிட்ட சொற்கள். சமைக்கும்போது, கண்டி பஸ்ஸில் நிற்கும்போது, தானாக வந்துவிடுகின்றன. மெல்லச் சொல்லிப் பார்க்கிறேன். பிழையாகச் சொன்னால் பிழை என்று சொல்ல இனி ஒருவருமில்லை.