நாலு விரல் தாழ்வு

மார்ச் 3

கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்துக்குக்கூடக் கட்டைவிரல்தான். மனைவி இருந்தவரை அவள் எழுதினாள். பிறகு இந்த வேலை இவள் தலையில் விழுந்தது. என் பேச்சைத் திருத்தி, பெரிய மனுஷன் பேசுவதுபோல் ஆக்கிவிடுகிறாள்.

நோட்டைத் திறக்கும்போதே கேட்டாள்: "மாமா, அந்த வண்டியச் சேத்துப் பூட்டி யாருக்காவது குடுத்துடுங்களேன். அந்தக் கொட்டகைக் கதவப் பார்த்தாலே என்னமோ பண்ணுது."

மகனின் வண்டி. மண்மேட்டில் தாவிப் பந்தயம் ஓட்டுகிற பழைய மோட்டார் சைக்கிள், அவனைவிட ஒரு வயது மூத்தது. அவனைக் கொன்றதும் அதுதான். பதினோரு வருஷமாகப் பின்கட்டுக் கொட்டகையில் துண்டு துண்டாகக் கிடக்கிறது.

மார்ச் 5

வண்டிச் சாமான் மூட்டையை அவிழ்த்தேன். எந்த வண்டியானாலும் கழற்றும் வரிசையிலேயே சாமான்களைத் துணிமேல் இடமிருந்து வலமாக வைப்பேன். பூட்டும்போது வலமிருந்து இடம். படிக்காத மெக்கானிக்குக்கு அதுதான் புத்தகம். அவன் செத்த மறுவாரம் இதை நானே கழற்றி, வரிசை கலையாமல் ஒவ்வொன்றையும் துணியோடு நூலால் கட்டிவைத்தேன். அன்றைக்கு எதையும் எண்ணவில்லை.

பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்முக்கு வாஷர் நான்கு வேண்டும், பக்கத்துக்கு இரண்டு. துணியில் மூன்றுதான். பந்தயத்துக்கு முந்தின நாள் நான்கும் நானே போட்டேன். நன்றாக ஞாபகம், வலது பக்கம் போடும்போது தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. எலி இழுத்துப்போயிருக்கும்.

மார்ச் 6

மூன்றை வைத்தே பூட்டிப் பார்த்தேன். ஷாக் அப்சார்பர் இரண்டும் மாட்டி, சக்கரம் போட்டு, சுவரில் சாய்த்தேன். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு சாண் நாலு விரல். ஆள் ஏறாத வண்டிக்குச் சரியான உயரம்.

மார்ச் 7

காலையில் கொட்டகையைத் திறந்தால் பின்பக்கம் இறங்கியிருக்கிறது. ஒரு சாண். என் மகன் ஏறி உட்கார்ந்தால்தான் அந்த அளவு வரும். தூக்கி நிமிர்த்திவிட்டு வந்தேன்.

மார்ச் 8

மறுபடியும் ஒரு சாண்.

மார்ச் 9

பக்கத்துப் பட்டறை வெல்டரைக் கூட்டிவந்து காட்டினேன். "பெருசு, உன் விரலே நடுங்குது, அளவு எங்க நிக்கும்? இல்லன்னா எவனோ ஓசியில உட்கார்ந்துட்டுப் போறான்" என்று சிரித்தான். அவனையே ஏற்றினேன். மூட்டை மாதிரி உடம்பு. மூன்று விரல்தான் இறங்கியது. சிரிப்பு நின்றுவிட்டது. வைத்த டீயைக் குடிக்காமலே போய்விட்டான்.

கொட்டகைச் சாவி சமையலறை ஆணியில் தொங்குகிறது. வீட்டில் நானும் மருமகளும்தான். இதை எழுதும்போது அவள் நிமிரவில்லை.

மார்ச் 11

வாஷர் கிடைத்தது. எலி எடுக்கவில்லை. என் டூல் பெட்டியின் அடியில், காய்ந்த கிரீசுக்குள் இருந்தது. ஒரு தடவை இறுக்கியிருந்தால்கூட வாஷரின் முகப்பில் வளையமாகத் தடம் விழும். இதில் ஒன்றுமே இல்லை. கடையில் வாங்கியபடியே இருக்கிறது.

மார்ச் 12

இன்றைக்கு எதுவும் எழுத வேண்டாம் என்றேன்.

மார்ச் 15

எழுதும்மா. நிறுத்தாம எழுது. திருத்தாதே.

லாரி ஹாரன் அடிச்சுது. தண்ணி பிடிக்க எழுந்து போனேன். திரும்பி வந்து — நாலாவதைப் போட்டேனா? போட்டதா நெனச்சு போல்ட்டை இறுக்கிட்டேன். ஒரு வாஷர் இல்லன்னா ஸ்விங் ஆர்ம் இறுகிப் பிடிச்சுக்கும். அமுங்கினது எழும்பாது. மேட்டுலேருந்து இறங்கினப்போ அதுதான் அவனத் தூக்கி எறிஞ்சிருக்கு.

பந்தயத்தன்னைக்குக் காலையில நீ அவன்கூடச் சண்டை போட்டே. அந்த நெனப்புலயே ஓட்டினான்னு எல்லாரும் சொன்னாங்க. முதல்ல சொன்னது நான். பதினோரு வருஷமா அதைச் சுமக்கறே. உன் சண்டை இல்லம்மா. என் கை.

எழுதிட்டியா? வாசி, கேக்கறேன்.

மார்ச் 24

ஒன்பது நாள் நோட்டைத் தொடவில்லை. வேளைக்குச் சாப்பாடு மட்டும் வைத்தாள். இன்று தானாக வந்து உட்கார்ந்து, "சொல்லுங்க" என்றாள். மாமா என்று கூப்பிடவில்லை.

நேற்று நாலாவது வாஷரைப் போட்டேன். இன்று காலை ஒரு சாண் நாலு விரல், அசையவில்லை. இத்தனை நாளும் ஒருமுறை அமுங்கியது அப்படியே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அமுக்கியது யார்? அவளையே கேட்டேன். கேட்டதையும் பதிலையும் அப்படியே எழுதச் சொன்னேன்.

"அதுல போய் உட்கார்ந்தது நீதானேம்மா?"

"ஆமா மாமா. நான்தான்."

சரி. போதும். இன்றைக்குத் தூக்கம் வரும்.

இது நான் எழுதுவது; மாமாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. அந்தக் கொட்டகைக்குள் இந்தப் பதினோரு வருஷத்தில் நான் ஒருநாள்கூடக் கால் வைத்ததில்லை.