நான்கு வீடு சுற்றிய அங்கி

செப்டம்பர் 4
தவணை கட்டினேன். பதினான்காயிரம் சோம். கையில் மிச்சம் இரண்டாயிரத்து முந்நூறு. மாவு மூட்டை பாதி இருக்கிறது. எங்கள் பசு அலா காலையில் எட்டு லிட்டர் கறந்தது. இந்த வீட்டில் யாரிடமும் கேட்காமல் கிடைப்பது அந்தப் பால் ஒன்றுதான்.

செப்டம்பர் 7
மூத்தார் அசன்பெக்குக்கு அறுபது வயதாகிறது. அக்டோபர் 12 விருந்து. தம்பிகள் மூவரும் ஆளுக்கொரு குதிரை தர வேண்டும். என் கணவர் குபத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "இன்னொரு கடன் போட்டுடலாம்."

"போன கடனே உங்க அப்பா நினைவு நாளுக்கு அறுத்த குதிரைக்குத்தானே? அதைத் தின்னு மூணு வருஷமாச்சு. கடன் தீரலையே!"

"அப்ப அலாவை வித்துடறேன். அண்ணன் முன்னாடி வெறுங்கையோட நிக்கச் சொல்றியா?"

அலா போனால் பிள்ளைகளுக்குப் பாலுக்கு எங்கே போவேன்?

செப்டம்பர் 9
நான் வேலை பார்க்கும் பள்ளிச் சமையலறையில் சூப்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 15
மாட்டுத் தரகர் வந்து மடியை அமுக்கிப் பார்த்தார். எண்பதாயிரமாம். சனிக்கிழமை ஓட்டிப்போக வருகிறார். அலா அவர் சட்டைக் கையை நக்கியது. அதுக்கு என்ன தெரியும், பாவம்.

செப்டம்பர் 17
குபத்திடம் சொல்லாமல் மூத்த ஓரகத்தி மைரம்கான் வீட்டுக்குப் போனேன். அவள் வாய்க்குத் தெருவே பயப்படும். பதினோரு வருஷமாக நானும்தான். நின்றபடியே சொல்லிவிட்டேன்: "அக்கா, எங்களால குதிரை தர முடியாது."

கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ போய்ப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே விருந்துகளில் ஆண்களுக்குப் பரிசாகத் தரும் சப்பான் அங்கிகள் — வெல்வெட், சரிகை, இன்னும் பிளாஸ்டிக் உறையிலேயே இருப்பவை. பதினான்கு! ஒன்றை உருவி உள்பக்கத்தைக் காட்டினாள். ஜாம் கறை. என் மகள் அயிமின் விரல்! மூன்று வருஷத்துக்கு முன் அதே கடனில் ஒன்பதாயிரத்துக்கு நான் வாங்கிய அங்கி.

"உங்க வீட்டுலேர்ந்து நம்ம ஓரகத்தி ஜீதெக் வீடு. அங்கேர்ந்து அவ சம்பந்தி வீடு. அங்கேர்ந்து இங்க. ஒருத்தனும் கையைக்கூட நுழைக்கலடி."

பிறகு உட்கார்ந்துவிட்டாள். "நாளைக்கு வீட்டுப் பத்திரத்தோட வங்கிக்குப் போறதா இருந்தோம். நீங்க கடன் வாங்கிக் குதிரை தருவீங்க, நாங்க கடன் வாங்கி உங்களுக்கே விருந்து போடுவோம். யாராவது வாயைத் திறப்பீங்களான்னு காத்துக்கிட்டே இருந்தேன். நானா சொன்னா என்ன நினைப்பீங்களோன்னு பயம்."

அவளுக்குப் பயமா? எங்களைப் பார்த்தா? வீடு வந்து சேரும்வரை நம்ப முடியவில்லை.

செப்டம்பர் 20
மைரம்கான் கூப்பிட்டு அனுப்ப, பள்ளி விட்டதும் மூத்தார் வீட்டில் கூடினோம், நான்கு குடும்பமும். ரொட்டியைப் பிட்டுவைத்த பிறகு அசன்பெக் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி விரிப்பில் வைத்தார். பெற்ற தகப்பனைப் புதைத்த அன்றுகூடக் குரல் நடுங்காத மனிதர். இன்று நடுங்கியது. "எனக்கு மூணு லட்சத்து நாற்பதாயிரம் கடன் இருக்கு," என்றார்.

பிறகு குபத் — என் குபத்! — தொப்பியைக் கழற்றினார். "ஒரு லட்சத்து அறுபது." அடுத்தவர் இரண்டு லட்சத்துப் பத்து. ஜீதெக்கின் கணவர் இரண்டு லட்சத்து எழுபது. நான் நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதிக் கூட்டினேன். ஒன்பது லட்சத்து எண்பதாயிரம். நான்கு வீட்டிலும் ஒரு டிராக்டர்கூட இல்லை. அத்தனையையும் ஒருவருக்கொருவர் ஊட்டியே தீர்த்திருக்கிறோம்!

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எண்ணைப் பார்த்து அல்ல. விரிப்பில் கிடந்த நான்கு தொப்பிகளைப் பார்த்து. இவ்வளவு தைரியம் இந்த ஆண்களிடம் இத்தனை நாள் எங்கே இருந்தது?

குதிரை வேண்டாம், அங்கி வேண்டாம், ஒரே ஒரு ஆடு என்று முடிவானது. ஜீதெக்குக்குப் பொறுக்கவில்லை. "ஒரு ஆடா? ஊரே சிரிக்கும்!"

"சிரிக்கட்டும். தவணைக்கு ஊரா வந்து கட்டப்போகுது?" என்றாள் மைரம்கான்.

செப்டம்பர் 21
தரகரைக் குபத்தே வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

அக்டோபர் 12
விருந்து. ஒரு ஆடு, மலைமாதிரி பொரித்த ரொட்டி, அலாவின் தயிர். சிலர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சீக்கிரமே போனார்கள். வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கிளம்பும்போது மைரம்கான் என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தாள். "உன்னோடதுதான். இதை யாருக்காவது கொடுத்தே, கையை ஒடிச்சுடுவேன்."

ஜனவரி 9
முழங்கால்வரை பனி. தவணை கட்டினேன், கையில் ஐயாயிரம் மிச்சம். குபத் காலையில் அலாவுக்கு வைக்கோல் போடப் போனார், அந்த வெல்வெட் அங்கியை மாட்டிக்கொண்டு. முதுகில் தங்கச் சரிகை, தோளெல்லாம் வைக்கோல்.

திரும்பி வந்தவர் அதைக் கழற்றவே இல்லை. அங்கியின் கையைத் தடவிப் பார்த்தபடி நின்றார்.

"இது சூடா இருக்கு," என்றார்.