டொலறஸ் மேலே இருக்கிறாள்

மார்ச் 4, செவ்வாய்
ஆஸ்பத்திரியில் இருந்து வந்து இரண்டாவது கிழமை. லண்டன் நோர்பரியில், மகள் றஜீனா வீட்டு முன்னறையில் எனக்குக் கட்டில் போட்டிருக்கிறார்கள். மனைவி டொலறஸ் மேல்மாடியில். பாரிசவாதம் வந்தபிறகு அவளுக்கு இறங்க ஏலாது. குளியலறையில் வழுக்கி விழுந்தபிறகு எனக்கு ஏறத் தடை. படிக்கட்டின் மற்றப் பக்கச் சுவரிலும் கைபிடி பூட்டி, கவுன்சில் ஆள் வந்து சோதிக்கும்வரை படியில் கால் வைக்கக் கூடாதாம். ஜெர்மனியில் முப்பது வருசம் கூரை வேலை செய்தவன் நான்.

மார்ச் 5, விபூதிப் புதன்
பாதர் வந்து என் நெற்றியில் சாம்பல் பூசிவிட்டு மேலே போனார். டொலறஸுக்காக அவர் செபிப்பது கேட்டது. முகட்டைப் பார்த்தபடி நானும் சொன்னேன்.

மார்ச் 11, செவ்வாய்
பராமரிக்க வரும் பெண்கள் இங்கிலிஷில் கையைத் தூக்கச் சொல்கிறார்கள். டொலறஸுக்கு விளங்கவில்லை. படியடியில் நின்று கத்தினேன்: "இஞ்சரும், வலக்கையைத் தூக்கும்." ஒருத்தி இறங்கி வந்து, படிக்குக் கிட்ட நிற்பது ஆபத்து என்று என்னைக் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினாள். நல்ல பிள்ளை. எல்லாரும் நல்ல பிள்ளைகள். அதனால் கோபப்படவும் வழியில்லை.

மார்ச் 14, வெள்ளி
கைபிடி பூட்டியாயிற்று. ஆனால் பூட்டினவர் சோதிக்கிறவர் இல்லையாம். சோதிக்கிறவர் ஏப்ரலில்தான் வருவாராம்.
நீ பின்னால் வா, நான் ஏறுகிறேன் என்றேன் றஜீனாவிடம்.
"நீங்கள் விழுந்தா என்னைத்தானே கேப்பினம், அப்பா. அம்மாவைப் போனில காட்டுறன்."
மேலே போய் வீடியோவில் காட்டினாள். என் குரல் கேட்டதும் டொலறஸ் போனைப் பார்க்கவில்லை. அறைக்குள் என்னைத் தேடினாள்.

மார்ச் 18, செவ்வாய்
இப்போது கேத்திலுக்கும் தடை. சுடுதண்ணி ஆபத்து. பிளாஸ்கில் ஆறின தேத்தண்ணி.

மார்ச் 20, வியாழன்
டொலறஸ் சாப்பிட மறுக்கிறாள். என்னைக் கேட்கிறாளா? "இல்லை," என்றாள் றஜீனா, முகத்தைத் திருப்பிக்கொண்டு. நான் செத்துப்போனேன் என்று நினைத்துவிட்டாளோ? ஒரு மாசத்துக்கு மேலாகக் காணாத மனிசனை வேறென்னெண்டு நினைப்பாள்? ஒரே வீட்டுக்குள்ள - ஏலாது. என்னால ஏலாது.

மார்ச் 22, சனி
றஜீனா ஷிப்டுக்குப் போனதும், வாசலைப் பார்த்தபடி படிக்கட்டின் முதற்படியில் குந்தினேன். பின்னால் இருந்த படியில் கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி வைத்தேன். பிறகு அடுத்த படி. நடுவில் கீழே பார்த்தேன். விழுந்தால் அவர்கள் சொன்னது சரியாகிவிடும். கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன். இறங்கவும் பயம். ஏறினேன்.
டொலறஸ் கண்ணைத் திறந்தாள்.
"எங்க போனனீங்கள்?" வாய் கோணியபடி கேட்டாள்.
கீழேதான் இருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

மார்ச் 24, திங்கள்
நான் ஏறியதை றஜீனா அறிவித்திருந்தாள்; இன்று கவுன்சிலில் இருந்து போன். ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்தாம். சோதிக்கிறவர் வரும்வரை நான் மேலேயே இருக்க வேண்டுமாம். றஜீனா என் தலையணையையும் மருந்துகளையும் கொண்டுவந்து வைத்தாள். டொலறஸ் என் கையால் அரைக் கோப்பை கஞ்சி குடித்தாள்.
சோதிக்கிறவர் எப்போது வருவார் என்று நான் கேட்கவில்லை.