தராசுக்குப் பிறகு ஒரு பிடி

இன்று காலை பேக்கிங் அறைக் கதவைத் திறந்ததும் சீலிங் மிஷினின் சூட்டு வாசம் முகத்தில் அடித்தது. பாக்கெட்டின் வாய் உருகி ஒட்டும்போது வருமே, அந்த வாசம். வறுத்த காப்பிக்கொட்டை வாசமும் அதோடு சேர்ந்து வந்தது. இந்த வாசத்துக்கு நடுவே நீ இல்லாமல் நிற்க எனக்கு இன்னும் பழகவில்லை. அதிலும் இந்த வாரம் நான் பட்ட பாட்டை நீ பார்த்திருந்தால், "அட, உக்காருடி மொதல்ல" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டிருப்பாய். யாரும் போடவில்லை. நின்றுகொண்டேதான் எல்லாவற்றையும் கேட்டேன்.

நம் சரக்கு ஜப்பானில் நின்றுபோயிருந்தது.

நீ ஆசைப்பட்டு ஏற்பாடு செய்த அதே சரக்குதான். நீ இருக்கும்போதே சாம்பிள் ஓகே ஆகி, நீ போன பிறகு காப்பிப் பழம் பறித்து, காயவைத்து, வறுத்து, கால் கிலோ பாக்கெட்டுகளாகக் கட்டி, கப்பலில் ஏற்றிவிட்ட நம் முதல் வெளிநாட்டு ஆர்டர். சென்னையிலிருந்து ஏற்றுமதி ஏஜென்ட் தம்பி போன் செய்தபோது நான் கடையில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தேன். "மேடம், டென்ஷன் ஆகாதீங்க" என்று ஆரம்பித்தான். அப்படி ஆரம்பித்தால் எவளுக்குத்தான் டென்ஷன் ஆகாது? பேப்பரில் நாம் எழுதிக் கொடுத்த எடை ஒன்று, அங்கே பெட்டியைத் தூக்கி வைத்தால் வருகிற எடை வேறொன்று. அதுவும் எல்லாப் பெட்டியிலும் கூடுதல். சொல்லாத சாமான் எதையோ உள்ளே வைத்து அனுப்பியிருக்கிறோமோ என்று அங்கே கஸ்டம்ஸில் நிறுத்திவிட்டார்களாம்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் வலது கையைப் பார்த்தேன். யா அல்லா, அந்தப் பிடி!

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நாம் இதைத் தொடங்கிய புதிதில், என்னைப் பெற்ற எங்கத்தாவின் கடைப் பின்கட்டில் உட்கார்ந்து நீயும் நானும் மட்டும் பாக்கெட் போடுவோம். நீ தராசில் சரியாக நிறுப்பாய். முள் நேராக நிற்கும். பாக்கெட்டில் கொட்டுவாய். அப்புறம் ஒட்டுவதற்கு முன்னால் மூட்டையிலிருந்து ஒரு சின்னப் பிடி அள்ளி மேலே போடுவாய். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும். நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏ புள்ள, கொசுறு எங்க கடையிலயும் உண்டு. கேட்டாத்தான் குடுப்போம். நீ கேக்காதவங்களுக்கெல்லாம் குடுத்துட்டிருக்கே" என்றேன்.

"தராசு போட்டது தராசோட கணக்கு. இது நான் போடறது. உனக்கென்னடி வலிக்குது?"

அப்புறந்தான் சொன்னாய். உங்கப்பா உங்கள் ஊர் வெள்ளக்கடையிலிருந்து காப்பி மூட்டையை இறக்கிக்கொண்டு வரும்போதெல்லாம், வியாபாரிகள் ஈரம் இருக்கிறது, கல் இருக்கிறது என்று சொல்லி எடையில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்களாம். உங்கப்பா வாயைத் திறக்காமல் தராசையே பார்த்துக்கொண்டு நிற்பாராம். "எங்கப்பன் நின்ன மாதிரி நம்மகிட்ட வாங்கற ஒருத்தரும் நிக்கக் கூடாது. அவ்வளவுதான்" என்றாய். நான், "எங்கத்தா கடையிலயுமா அப்படிப் புடிச்சாங்க?" என்று கேட்டேன். நீ என் முகத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாய். "உங்கத்தா கடையிலயுந்தான்டி!"

அதற்குப் பிறகு நான் அந்தப் பிடியைப் பற்றிப் பேசவே இல்லை. ஆள் சேர்த்தபோது முதலில் வந்த சரசுவுக்கு நீ சொல்லிக்கொடுத்ததும் அதுதான். "நிறுத்துக் கொட்டு, ஒரு புடி போடு, ஒட்டு." சரசு அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். வெளிநாட்டுக்குப் போகிற பாக்கெட் என்றால் இன்னும் கொஞ்சம் தாராளமாகவே போட்டிருப்பாள், மகராசி. விருந்தாளிக்கு வைப்பது போல. நானோ பாக்கெட்டுகளை எண்ணி, மேலே அச்சடித்த எடையால் பெருக்கி, பெட்டி எடையைக் கூட்டி பேப்பரில் எழுதிவிட்டேன். ஏற்கெனவே தராசு ஏறின சரக்கை மறுபடி எதற்கு நிறுக்கணும் என்று நாங்கள் எல்லாருமே நினைத்தோம். இந்த மலையில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

எத்தனை விஷயத்தை யோசித்தோம் நாம்! இதை மட்டும் யோசிக்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்த அந்த ஆலோசகர், டை கட்டிக்கொண்டு, லேப்டாப்பில் உலக வரைபடத்தைக் காட்டி, ஒரே நேரத்தில் அஞ்சு நாட்டுக்குள் நுழையலாம் என்று அம்புக்குறி போட்டுக் காட்டினாரே. நீ காப்பியை ஆற்றிக்கொண்டே, "ஏனுங்க சார், அஞ்சு அடுப்பையும் ஒண்ணாப் பத்த வெச்சா எதுல பால் பொங்குதுன்னு யாருங்க பாக்கறது?" என்று கேட்டாய். மனுசன் லேப்டாப்பை மூடிவிட்டார். பஜாரில் எல்லாரும் துபாய்க்கு அனுப்பு என்றார்கள். என் நாத்தனார் வீட்டுக்காரர் அங்கே இருக்கிறாரே, வேறென்ன வேண்டும்? எனக்கும் அதுதான் தைரியமாக இருந்தது. நீதான் ஒத்துக்கொள்ளவில்லை. "சொந்தக்காரங்க இருக்கற ஊரைப் பாத்து அனுப்பினா கல்யாணப் பலகாரம் அனுப்பின மாதிரிதான்டி. நல்லாருக்குன்னு சொல்லுவாங்க, திரும்பக் கேக்க மாட்டாங்க. நம்ம கொட்டையைக் கேக்கறவன் எங்க இருக்கான்னு பாக்கோணும்."

ஜப்பானில் கேட்டார்கள். சின்னச் சின்னக் காப்பிக் கடைகளுக்குச் சரக்குக் கொடுக்கிற ஒரு கம்பெனி. அவர்கள் கேட்ட பக்குவத்தில் இளசாக வறுத்து, சிக்கரி இல்லாமல், பால் இல்லாமல் போட்டுக் குடித்துப் பார்த்தோம். நீ ஒரு மடக்கு குடித்துவிட்டு, "இது காப்பியா, காப்பிக் குண்டா கழுவின தண்ணியா?" என்றாய். ஆனாலும் முழு டம்ளரையும் குடித்தாய். மறுநாளும் குடித்தாய். அவர்கள் நாக்கு என்ன தேடுகிறது என்று தெரியாமல் அவர்களுக்கு எப்படி விற்பது என்று, ஒரு மாசம் போலப் பிடிக்காத காப்பியை மூக்கைச் சுளித்துக்கொண்டே குடித்தவள் நீ.

அந்தத் தெம்பில்தான் வெள்ளக்கடையிலும் கிளியூரிலும் வீடு வீடாகப் போனாய். இந்த வருசக் காப்பியை வியாபாரிக்குக் கொடுக்காதீங்க, எங்களுக்குக் கொடுங்க என்று கேட்டாய். "இது நல்லபடியாப் போச்சுன்னா வருசா வருசம் நம்ம கையிலயே நிக்கும். போகலைன்னா நீங்க பழைய ஆளுகிட்டயே போயிருங்க, நான் கோவிச்சுக்க மாட்டேனுங்க" என்றாய். நான் உன் வண்டியின் பின்னால் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தேன். குளிரில் இல்லை. இத்தனை பேர் நம்மை நம்புகிறார்களே என்று. "கவலைப்படறதுக்குன்னே உன்னையப் பெத்தாங்களாடி" என்று நீ வண்டியை ஓட்டிக்கொண்டே கத்தினாய்.

அப்புறம் மழைக்காலம் வந்தது. நெஞ்சு வலிக்கிறது என்று உன்னை ஜீப்பில் போட்டுக்கொண்டு சேலத்துக்கு இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் என் கையை இறுக்கினாய். திரும்பி மலையேறும்போது உன் கை சும்மா இருந்தது. இதற்கு மேல் அதை எழுத என்னால் முடியாது.

சரக்கு நின்ற சேதி வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நமக்குக் காப்பி கொடுத்த உங்கள் ஊர் மாரியப்பண்ணன் வாரச்சந்தைக்கு வரும்போதெல்லாம் கடை முன்னால் வண்டியை நிறுத்தி, இறங்காமலேயே, "ஏனுங்கம்மா, கப்பலு போய்ச் சேந்துருச்சுங்களா?" என்று கேட்பார். இந்த வாரமும் கேட்டார். "சேந்துருச்சுங்கண்ணா" என்றேன். சேர்ந்தது உண்மைதானே! அவர் சிரித்துவிட்டுப் போனார். சரக்கு திரும்பி வந்தால் வாசம் போன கொட்டையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அந்த மனுசன் மறுபடி போய்ப் பழைய வியாபாரி தராசு முன்னால் நிற்பாரே. உங்கப்பா நின்ற மாதிரியே.

ஏஜென்ட் தம்பி ஒரு வழி சொன்னான். "மெஷின் கோளாறுன்னு எழுதிக் குடுத்துருங்க மேடம். எடை மெஷின் தப்பாக் காட்டிருச்சு, சரி பண்ணிட்டோம்னு. கொசுறுன்னெல்லாம் சொன்னா அவங்களுக்குப் புரியாது. இவங்க தொழில் தெரியாதவங்கன்னு நெனைச்சுக்குவாங்க."

நம்மிடம் எடை மெஷினே இல்லையே, இருப்பது உங்கப்பா பார்த்துக்கொண்டு நின்ற அதே மாதிரித் தராசுதானே என்று எனக்குச் சிரிப்புகூட வந்தது. ஆனாலும் அந்தப் பொய்யை எழுத உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்லப் பயந்துதான் உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால் உன் கையைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். நீ பெருமையாகச் செய்ததை முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் தப்பு என்று சொல்ல வேண்டிவரும். என்னடா இது சோதனை என்று ஆகிவிட்டது.

மெஷின் என்று எழுதினால் அடுத்த தடவை மெஷினின் சான்று கேட்பார்கள், அதற்கு ஒரு பொய், அதற்கு மேல் இன்னொன்று. நீ இருந்தால் என்ன சொல்வாய் என்று யோசித்தேன். "நாம என்ன திருடினோமாடி? அதிகமாத்தானே குடுத்தோம்? நிமுந்து சொல்லு" என்பாய். உண்மையையே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் மத்தியானம் அந்த ஜப்பான் கம்பெனி அம்மாவோடு வீடியோவில் பேசினேன். கோடைக் கூட்டம், கடைக்கு வெளியே ஒரே ஹாரன் சத்தம். ஏரிப் பக்கம் போய்ச் சிக்னல் கிடைக்கிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், மெதுவாக, கையைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். முதலில் நிறுப்போம். பிறகு கையால் இவ்வளவு போடுவோம். எங்கள் ஊர் வழக்கம். தொடங்கியது என் தோழி. அவள் இப்போது இல்லை.

அந்தம்மா, "எல்லாப் பாக்கெட்டிலுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எதையோ குறித்துக்கொண்டார். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. எனக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது. திட்டினாலாவது எங்கே நிற்கிறோம் என்று தெரியுமே!

நேற்றுத்தான் பதில் வந்தது. பெட்டிகளைத் திறந்து பார்த்தார்களாம். காப்பியைத் தவிர வேறெதுவும் இல்லை. எடையைத் திருத்தி எழுதி விடுவித்துவிட்டார்கள். சரக்கு அவர்கள் கிடங்குக்குப் போய்விட்டது. அல்லாவுக்கே புகழெல்லாம் என்றேன். கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. உங்கள் விளக்கத்துக்கு நன்றி. அடுத்த சரக்கில் பாக்கெட்டின் எடை மேலே எழுதியபடி மட்டுமே இருக்க வேண்டும், இன்னொரு முறை நடந்தால் தொடர முடியாது.

நியாயந்தான். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மாரியப்பண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நொம்ப சந்தோசமுங்க. அந்தப் புள்ள இருந்திருக்கோணும்" என்றார்.

அதனால்தான் இன்று காலை பேக்கிங் அறைக்குப் போனேன். புது எடை மெஷின் வந்திருக்கிறது, பச்சை நிறத்தில் எண் காட்டுகிறது. சரசுவைக் கூப்பிட்டு, இனிமேல் வெளிநாட்டுப் பாக்கெட்டில் பிடி போடக்கூடாது என்று சொன்னேன். எவ்வளவு நைசாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு நைசாக.

"ஏனுங்கக்கா, நம்ம அக்கா போடச் சொன்னதுங்களே?"

"ஆமா கண்ணு. போட்டா அங்க நிறுத்திருவாங்க. நமக்குக் கொட்டை குடுக்கற சனத்துக்குத்தான் கஷ்டம்."

அவள் தலையாட்டினாள். நிறுத்தாள், கொட்டினாள். அவள் கை தானாக மூட்டைக்குப் போய்ப் பிடி அள்ளிவிட்டது. பாக்கெட்டின் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அங்கே நின்றது. என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். அவள் அதைத் திரும்ப மூட்டையில் கொட்டிவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பாக்கெட்டை ஒட்டினாள். அந்தக் கை திரும்பிப் போனதை என்னால் பார்க்க முடியவில்லை. உன் கையை நானே பிடித்துத் தடுத்த மாதிரி இருந்தது. என்னை மன்னித்துவிடு என்று கேட்க மாட்டேன். நீ இருந்திருந்தால் நீயே நிறுத்தியிருப்பாய், உனக்குக் காப்பி கொடுத்த அந்த வீடுகள்தான் முக்கியம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அழுகை வந்தது.

அடுத்த ஆர்டரை நினைத்தால் இப்போதே பயமாக இருக்கிறது. எவளாவது பழக்கதோசத்தில் ஒரு பிடி போட்டுவிட்டால்? இனி ஒவ்வொரு பெட்டியையும் நானே தூக்கி வைத்துப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். கவலைப்படவே என்னைப் பெற்றிருக்கிறார்கள், என்ன செய்ய?

சாயங்காலம் கடைக்கு வந்து உட்கார்ந்தேன். கிளியூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் கால் கிலோ காப்பிக்கொட்டை கேட்டார். நிறுத்தேன். பையில் கொட்டினேன். அப்புறம் சாக்குக்குள் கையை விட்டு நிறைய அள்ளிப் போட்டேன். இன்னொரு பிடியும் போட்டேன்.

"போதுங்க, போதுங்க! கால் கிலோதானுங்க கேட்டேன்" என்று அவர் பதறினார். "இது யாரு கணக்குங்க?"

உன் பேரைச் சொன்னேன்.