வீடெல்லாம் பவுடர் வாசம்

அன்பு மகள் நிக்கோலுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், பெர்த்தில் நீயும் மாப்பிள்ளை எட்ரியனும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். போனில் இதைப் பேச முடியாது, அம்மா பக்கத்திலேயே நிற்பாள், அதனால்தான் கடிதம்.

இங்கே மழை விடவில்லை. கிறிஸ்மஸுக்கு வருகிறேன், பிள்ளை ஞாபகம் வருகிற மாதிரி வீட்டில் ஒன்றும் இருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாய். தொட்டிலும் துணிகளும், ஆஸ்பத்திரியிலேயே பிள்ளை தவறிய அந்த மாதமே மாதா கோயிலுக்குப் போய்விட்டன. பிரசவத்துக்கு இங்கே வந்திருந்தபோது நீ வாங்கி அடுக்கிய பேபி பவுடர் மட்டும் அலமாரியில் கிடந்தது, ஒரு டப்பாகூடத் திறக்காமல் தேதி முடிந்துவிட்டது. குப்பையில் போட அம்மாவுக்குக் கை வரவில்லை, வீட்டு வேலைக்குப் போட்டுத் தீர்த்துவிடலாம் என்று தொடங்கினாள். என் ரப்பர் பூட்ஸுக்குள் ஈரம் இழுக்கத் தூவினாள், எறும்பு வரும் பின்வாசலில் கோடு போட்டாள், கிறீச்சிடும் பலகைத் தரையின் இடுக்கில் தேய்த்து இறக்கினாள், மேசை விரிப்பின் எண்ணெய்க் கறைமேல் கொட்டி வைத்தாள், பூஞ்சை வாடை போகக் கம்பளிகளில் தூவி உதறினாள். எல்லாம் நன்றாகத்தான் வேலை செய்தது. டப்பாக்கள் காலியானதும், இனி நிக்கோல் நிம்மதியா வரலாம் என்றாள்.

மறுநாள் பக்கத்து வீட்டு ரஞ்சிதம் கறிவேப்பிலை கேட்டு வந்தவள் வாசலிலேயே நின்று, என்னாக்கா, வீடெல்லாம் கைப்புள்ள வாசம் அடிக்குது, யாரு வந்திருக்கா, சொல்லவே இல்லை லா என்றாள். எங்கள் மூக்குக்குப் பழகிப்போய்த் தெரியவில்லை. அன்றிலிருந்து கழுவுகிறோம், துவைக்கிறோம், இந்த மழையில் எதுவும் காயவில்லை, பலகை இடுக்கில் இறங்கியது ஈரத்தில் இன்னும் எழும்புகிறது. ஒரு கம்பளியை மட்டும் அம்மா தரமாட்டேன் என்கிறாள். குடு கத்தரீன், ஊறப் போடுவோம் என்றேன். பேரனை ஒரு நாளாவது குளிப்பாட்டிப் பவுடர் போட்டேனா, இது இப்படியே இருக்கட்டும் என்றாள். மற்றக் கம்பளிகளை மட்டும் ஊறப் போட்டேன்.

அதனால் நீங்கள் நம் வீடு வரை வராமல், வழியில் ரிங்லெட்டிலேயே பஸ்ஸை விட்டு இறங்கிவிடுங்கள். பிரெட்ரிக் சித்தப்பா வீட்டில் அறை சொல்லி வைத்திருக்கிறேன், அம்மாவை அங்கே கூட்டி வருகிறேன், பண்டிகை அங்கேயே நடக்கட்டும். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். குளிருக்குத் தடித்த சட்டை எடுத்து வா. வழியெல்லாம் ஆண்டவர் உங்கள் இருவரையும் காக்கட்டும். அம்மா வரும்போது அந்தக் கம்பளியும் அவள் பையில் இருந்தாலும் இருக்கும். வாசம் வந்தால் எழுந்து வெளியே போ, அவளிடம் மட்டும் ஒன்றும் கேட்காதே.

உன் அப்பா,
சிரில்