வளர்த்திக்கு இரண்டு விரல்

போன வெள்ளிக்கிழமை வீரசோழனுக்குப் போயிருந்தேன். நீ கண்ணை மூடிய பிறகு உன் வீட்டுக்குள் நான் காலை வைக்கவே நான்கு மாதம் ஆகிவிட்டது. உன் வீட்டுக்காரி டீயை வைத்துவிட்டு ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை என் முன்னால் தள்ளினாள். திறந்ததும் மெஷின் எண்ணெய் வாடை. தையல் சாக்கட்டி, துருப்பிடித்த கத்தரி, உன் டைலர் டேப். அதற்கு அடியில் குழந்தைகளின் கையை அளக்கும் நம்முடைய நாடா, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம் போட்டது.

"இது என்னண்ணே? பின்னாடி ஏதோ எழுதிருக்காக" என்றாள்.

திருப்பிப் பார்த்தேன். பால்பாயிண்ட் பேனாவில், உன் கோணல் எழுத்தில், 'விரல எடு' என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. அவள் பயந்துபோய் இன்னொரு டீ போடப் போனாள். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வழி முழுக்க உன் கடை வாடை கூடவே வந்தது.

நரிக்குடிப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நான் நர்ஸ் வேலைக்குப் படித்து, வெள்ளம், சண்டை என்று ஊர் ஊராக முகாம்களில் குழந்தைகளை அளந்துகொண்டிருந்தேன். நீ வளைகுடாவில் பதினைந்து வருஷம் தைத்துவிட்டு, முதுகுவலியோடும் நல்ல அரபியோடும் ஊர் திரும்பியிருந்தாய். அரபி பேசும் நாடு ஒன்றின் அகதி முகாமுக்கு எங்கள் நிவாரணக் குழு கிளம்பவிருந்தது. பேச்சுக்கு ஓர் ஆள், அப்படியே அளக்கவும் ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். உன்னை அந்தக் குழுவில் சேர்த்துவிட்டது நான்தான். பழகிய கை, அளவெடுக்கத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று மேலதிகாரிகளிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

திருச்சுழியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஐந்து நாள் பயிற்சி. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு இடது மேற்கையின் நடுவில் நாடாவைச் சுற்ற வேண்டும். நூற்றுப் பதினைந்து மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு, உயிருக்கே ஆபத்தான மெலிவு. அதிலிருந்து நூற்று இருபத்தைந்துக்குள் மஞ்சள். அதற்கு மேல் பச்சை. பாடம் எடுத்த நான் இதைச் சொல்லி முடிக்கவில்லை, நீ கையைத் தூக்கிவிட்டாய்.

"ஏலே, ஒரு வயசுப் புள்ளைக்கும் நாலு வயசுப் புள்ளைக்கும் ஒரே கோடா?"

நான் புத்தகத்தில் இருந்த விளக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் நீயே வாயில் எண்ணிப் பார்த்துவிட்டு, "சரிதாம்லே. சின்னப் புள்ளைக சட்டைக்குக் கையி நீளந்தான் வருஷா வருஷம் கூடும். சுத்து அம்புட்டாக் கூடாது" என்றாய். இத்தனை வருஷம் நான் ஒப்பித்துவந்த பாடத்தை நீ உன் கத்தரியால் நிரூபித்துவிட்டாய். கூட இருந்த டாக்டர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

இரண்டாம் நாள் நரிக்குடிப் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பழகினோம். மூன்றாம் நாள் மண்டபத்தில் பரீட்சை. பத்துக் குழந்தைகளை ஒவ்வொருவரும் இரண்டு தடவை அளக்க வேண்டும். முதல் தடவை எழுதியது இரண்டாம் தடவை கையில் இருக்காது. மற்றவர்களின் எண்கள் முன்னும் பின்னும் ஆடின. உன்னுடையது ஆடவே இல்லை, இரண்டு தடவையும் அச்சுப் போட்ட மாதிரி ஒன்றே. ஆனால் பத்துக் குழந்தைக்கும் என் அளவைவிட நான்கு மில்லிமீட்டர் கூட. நீ எங்கேயோ காப்பி அடிக்கிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். உன்னிடம் அதைக் கடைசிவரை சொல்லவில்லை, இப்போது சொல்லிவிடுகிறேன்.

நாடாவை மாற்றினேன், அதே நான்கு. வெளிச்சத்தில் நிற்க வைத்தேன், அதே நான்கு. கடைசியில் தண்ணீர் பாட்டிலை நீட்டி அளக்கச் சொன்னேன். பாட்டிலைத் துல்லியமாக அளந்தாய்! எனக்குத் தலை சுற்றியது. பாட்டிலைச் சரியாக அளக்கிற கை குழந்தையை மட்டும் ஏன் தப்பாக அளக்க வேண்டும்? நீயும் நானும் மத்தியானச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு அதையே பேசிக்கொண்டிருந்தோம். பிறகு உன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் உன் கையையே பார்த்தேன். நாடாவைச் சுற்றும்போது உன் ஆள்காட்டி விரலின் நுனி மெல்ல உள்ளே போனது. படிப்பதற்குள் வெளியே வந்துவிட்டது. விரல் இருந்த இடம் மட்டும் தொளதொளவென்று நின்றது.

"விரல எதுக்குடா உள்ள விடுற?"

"நானா விட்டேன்?" என்று உன் கையையே வேற்றாள் கை மாதிரிப் பார்த்தாய். "வளர்ற புள்ளல்ல. வளத்திக்கு விடாமத் தச்சா ஆத்தாக்காரி சண்டைக்கு வந்துருவாளே."

"பாட்டிலுக்கு மட்டும் விடலையே?"

"பாட்டிலு என்னலே, வளரவா போகுது?"

மண்டபமே சிரித்தது. நீயும் சிரித்தாய். பாதிச் சிரிப்பில் நிறுத்திவிட்டு முந்தின நாள் தாளைக் கேட்டாய். விரலை ஓட்டிக்கொண்டே போய் ஒரு வரியில் நின்றாய். கிடை ஆட்டுக்காரர் குடிசை, பெயர் மாரி, வயது இரண்டு, நூற்றுப் பதினேழு, மஞ்சள். உன் நான்கைக் கழித்தால் நூற்றுப் பதின்மூன்று. அந்தக் குழந்தை சிவப்பு.

அன்று நான் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. "அது பயிற்சிக் கணக்குடா. அங்கன்வாடியில எப்படியும் பாப்பாங்க" என்றேன். இன்னும் இரண்டு நாள் பாடம் பாக்கி என்ற அவசரம் எனக்கு.

"கணக்கு பயிற்சிக் கணக்குதான். புள்ள நெசப் புள்ளல்ல?" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாய்.

போனால் அந்த இடத்தில் ஆட்டுப் புழுக்கைதான் கிடந்தது. வயலில் அடைத்திருந்த ஆட்டுக் கிடை கிளம்பிவிட்டிருந்தது. டீக்கடையில் கேட்டோம், தெற்கே என்றார்கள். உரம் ஏற்றிவந்த மினி லாரிக்காரர், கண்மாய்க்கு அந்தப் பக்கம் புதுசாக ஒரு கிடை போட்டிருப்பதாகச் சொல்லி, தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டார். அங்கே வேறொருவர் ஆடுகள் நின்றன. உனக்கு முகம் செத்துவிட்டது. அவர் கைகாட்டிய திசையில் கருவேலங்காட்டுக்குள் நடந்தோம். பொழுது சாய்வதற்குச் சற்று முன்புதான் மாரியின் அம்மாவைக் கண்டோம். மாரி ஒரு குட்டியின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

நான் வழக்கமான பாடக் குரலில் சத்துக்குறைவு, தசை, எதிர்ப்புச் சக்தி என்று ஆரம்பித்தேன். அந்தம்மா கேட்கவில்லை. "வெளாடுறா, திங்கிறா. நேத்து நீங்கதான மஞ்சளுன்னு சொன்னீக, பயமில்லைன்னீக?" என்றாள்.

நீ அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாய். "நாந்தாம்மா தப்பா அளந்துட்டேன். நான் தையக்காரன். சட்டைக்கு விடுற மாதிரி உன் புள்ளைக்கும் லூசு விட்டுட்டேன். இப்ப உன் கண்ணு முன்னாடி அளக்கேன், நீயே பாரு" என்றாய். விரல் இல்லாமல் சுற்றினாய். நாடாவின் அம்புக்குறி சிவப்பில் நின்றது. அவளுக்கு எண் தெரியாது, நிறம் தெரிந்தது. நாடாவையும் உன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு புருஷனைக் கூப்பிட்டு, "ஆட்ட நீ பாத்துக்க, நான் இவுக கூட அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றாள். நிவாரண வேலையில் இத்தனை வருஷம் இருந்தும், தப்பாக அளந்துவிட்டேன் என்று ஒரு தாயிடம் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் சளி நெஞ்சில் இறங்கத் தொடங்கியிருப்பதாகச் சொன்னார்கள். நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார்கள். மூன்று வாரத்தில் மாரி மஞ்சளுக்கு ஏறினாள். வீட்டுக்கு விடும் நாளில் நீ ஒரு கவுன் தைத்துக்கொண்டு வந்தாய். போட்டுப் பார்த்தால் தோளில் இறங்கி நின்றது. நான் சிரித்ததும், "வளத்திக்கு ரெண்டு விரல் விட்டிருக்கேன். விட வேண்டிய எடம் இதுதாம்லே" என்றாய்.

நான் இங்கேயே பயிற்சி வேலையில் நின்றுவிட, முகாமுக்குப் போன பிறகு நீ அனுப்பிய குரல்பதிவுகள் இன்னும் என் போனில் கிடக்கின்றன. அழிக்கவும் மனசில்லை, முழுதாகக் கேட்கவும் தைரியமில்லை. ஒன்றை மட்டும் அடிக்கடி கேட்பேன். "ஏலே, இங்க ஒரு நர்ஸம்மா எல்லாப் புள்ளைக்கும் கொறச்சலா எழுதுது. பாத்தா, காயத்துக்குக் கட்டுப் போடுற மாதிரி நாடாவ இறுக்குதுடா! இப்ப அளக்க வர்றவுககிட்ட மொதல்ல ஒண்ணு கேக்கேன். இதுக்கு முன்னாடி உங்க கையி என்ன வேல பாத்துச்சுன்னு." புதுசாக ஒன்றைக் கண்டுபிடித்த சந்தோஷம் அந்தக் குரலில் அப்படியே இருக்கிறது.

என் கை என்ன வேலை பார்த்தது என்று நீ கேட்டதே இல்லை. நானே யோசித்துப் பார்த்தேன். நூற்றுப் பதினான்கா, பதினைந்தா என்று அம்பு நடுவில் நிற்கும்போது, ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் அலைச்சல் மிச்சமாகட்டும் என்று என் கை பதினைந்து எழுதியிருக்கிறது. எத்தனை தடவை என்று தெரியவில்லை. உன்னிடம் சொல்லியிருந்தால் திட்டியிருக்க மாட்டாய். எந்த ஊர், எந்தக் குழந்தை என்று கேட்டுச் செருப்பை மாட்டியிருப்பாய்.

இன்று காலை அதே மண்டபத்தில் புதுக் குழு. பாடம் எடுப்பதற்கு முன் உன் கேள்வியைக் கேட்டேன். பின் வரிசையில் ஒரு பெண் எழுந்து, "பி.எஸ்.ஸி. நியூட்ரிசன் முடிச்சிருக்கேன் சார். அதுவரைக்கும் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல அம்மா கூடப் பூ வித்தேன். மொழம் போட்டா ஒரு சாண் சேத்துத்தான் விடுவேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் உன் நாடாவைத் திருப்பி அவளிடம் நீட்டினேன். படித்தாள்.

"யாரு சார் எழுதுனது?"

"தப்பா அளந்துட்டு, திரும்பிப் போயி அளந்தவன்மா" என்றேன்.